கட்டிலுக்கு அடியில் இருந்த கேபிள்

வேலை செய்யும் இடங்களில் அந்த வயர்மேனுக்கு ‘முடியாது மாஸ்டர்’ என்று பெயர். ஏசி பாயிண்டுக்கு மெலிசு வயர் இழுக்கச் சொன்னால் முடியாது. ஈரச் சுவரில் சுவிட்ச் வைக்கச் சொன்னால் முடியாது. எர்த் வயரில் மிச்சம் பிடிக்கச் சொன்னால் கருவிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, “வேற ஆளைப் பாருங்க” என்று படியிறங்கிவிடுவார். வீட்டுக்காரர்கள் பின்னாலேயே ஓடி வந்து கூப்பிட்டதும் உண்டு. போனால் போகட்டும் என்று வேறு ஆளை வைத்து முடித்துக்கொண்டதும் உண்டு. இவருக்கு இரண்டும் ஒன்றுதான்.

அதே மனிதர் மாமனார் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டால் போதும், வாயில் இரண்டே சொல்தான் மிஞ்சும். “சரிங்க மாமா.”

மனைவி அதைச் சொல்லிக்காட்டாத நாள் இல்லை. “வெளியில எல்லாரையும் அதட்டுறீங்க. எங்கப்பாவைப் பார்த்ததும் குரல் எங்க போயிடுது? செருப்போட சேர்த்துக் கழட்டி வெச்சுட்டு வர்றீங்களா?”

காரணம் இல்லாமல் இல்லை. மாமனாரின் சித்தப்பா மகளுக்கு மூத்த பிள்ளை இவர். இவருடைய சின்ன வயதிலேயே தகப்பன் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவோடு இரண்டு தங்கைகள். அந்தக் காலத்தில் மாமனார் ஒரு பம்பு செட் தொழிற்சாலையில் ஸ்டோர் கீப்பர். பையனைக் கூட்டிப்போய் அங்கிருந்த எலக்ட்ரீஷியனிடம் ஒப்படைத்தவர் அவர்தான். தங்கைகளின் கல்யாணத்தில் தகப்பன் ஸ்தானத்தில் நின்றவரும் அவர்தான். பிறகு ஒருநாள் அவரே கூப்பிட்டு, “டேய், பெரியவளை உனக்குத்தான் குடுக்கறதா இருக்கேன். என்ன சொல்ற?” என்றார். “சரிங்க மாமா” என்றார் இவர். இவர் சொன்ன சரிகளிலேயே மனசார வந்தது அது ஒன்றுதான் என்பது மனைவியின் கணக்கு.

ஆக, கல்யாணத்துக்கு முன்பும் மாமா, கல்யாணத்துக்குப் பின்பும் மாமா. மாப்பிள்ளை ஆன பிறகும் அவருக்கு இவர் “டேய்”தான். இவருக்கும் அது குறையாகத் தெரியவில்லை.

மாமனாருக்கு ஒரு மகன், இரண்டு மகள்கள். மகன் தூர தேசத்தில். சின்ன மகளின் புருஷன், அதாவது வயர்மேனுக்குச் சகலை, லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் ரோட்டில்தான். சின்னவள் ஒரு பேக்கரியில் பிரெட் போடும் வேலையில் இருந்தாள். அந்தப் பேக்கரியை மூடிவிட்டார்கள். மூடும்போது அங்கிருந்த மின்சார ஓவனை வாங்கிக்கொண்டு, பிள்ளையோடு அப்பா வீட்டின் பின்கட்டு அறைகளுக்கு வந்து சேர்ந்தாள். பிரெட்டும் பன்னும் வீட்டிலேயே போட்டுக் கடைகளுக்குக் கொடுப்பது என்று யோசனை. அவளுக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஓவன் சூடேறினால்தான் வீட்டில் அடுப்பு எரியும் என்ற நிலை.

அந்த வீட்டின் மெயின் போர்டு முன்வாசலுக்குப் பக்கத்தில் இருந்தது. பின்கட்டு ஒரு காலத்தில் சாமான் போட்டு வைக்கும் இடம். இரண்டு பல்பு, ஒரு ஃபேன், அவ்வளவுக்குத்தான் அங்கே வயர் போயிருந்தது. ஓவன், மாவு பிசையும் மிஷின், ஃபிரிட்ஜ், வெந்நீர் ஹீட்டர் எல்லாம் அதில் மாட்ட முடியுமா? பின்கட்டுக்கென்று தனியாக ஒரு சப் போர்டு வைக்க வேண்டும், மெயின் போர்டிலிருந்து அதற்கு ஒரு கேபிள் இழுக்க வேண்டும். வயர்மேன் சுற்றிப் பார்த்து மனசுக்குள் லோடு கணக்குப் போட்டுவிட்டார். பத்து ஸ்கொயர் தடிமனில் செம்பு. அதற்குக் குறைந்தால் சரிப்படாது.

வாயைத் திறப்பதற்குள் மாமனார் கட்டிலுக்கு அடியில் குனிந்தார்.

அவர் இழுத்து வெளியே போட்டது சாக்கில் சுற்றிய ஒரு கேபிள் சுருள். தொழிற்சாலை மூடினபோது ஏலத்தில் எடுத்தது. வருஷத்துக்கு ஒரு தடவை சாக்கைப் பிரித்துத் துடைத்து, மறுபடி சுற்றி வைப்பார். அந்த ஸ்டோரில் அவர் கையால் அளந்து கொடுத்த சாமான்களில் அவர் கைக்கே வந்து சேர்ந்தது அது ஒன்றுதான்.

“பார்றா, சுத்த செம்பு. இப்ப வர்றதெல்லாம் கேபிளா? இதைப் போட்டுடு. சின்னவளுக்குன்னு எடுத்து வெச்ச மாதிரி இருக்கு.”

வயர்மேன் முனையைப் பிடித்துப் பார்த்தார். செம்பு நல்ல செம்பு, அதில் சந்தேகமில்லை. ஆனால் நாலு ஸ்கொயர். அதிலும் இரண்டே கோர், உள்ளே இரண்டு கம்பிதான், எர்த் கிடையாது. ஓவன் ஒன்றைத் தனியாகத் தாங்கும். கூட ஹீட்டரும் மிஷினும் சேர்ந்தால் சுவருக்குள் படுத்துக்கொண்டு சூடாகும். அந்தச் சுவரை ஒட்டித்தான் சின்னவளும் பிள்ளையும் படுப்பார்கள்.

‘இது மெலிசு மாமா’ என்று சொல்ல வேண்டும். மூன்றே சொல். அதைச் சொல்லாமல், “அளந்து பாக்குறேன் மாமா” என்றார்.

அளக்கப் போனவர் ஒரு காரியம் செய்தார். ஹாலைச் சுற்றி, சமையலறை மேல்சுவரோடு போய், தாழ்வாரத்தைத் தாண்டி, இருக்கிற மூலைமுடுக்குக்கெல்லாம் டேப்பை வைத்துப் பிடித்தார். அது நல்ல வழிதான், ஈரம் படாத வழி. ஆனால் அவர் அந்த வழியைப் பிடித்தது ஈரத்துக்காக மட்டும் அல்ல. இறங்கி வந்து முகத்தை வருத்தமாக வைத்துக்கொண்டார்.

“கேபிள் பத்தாது மாமா. கொஞ்சம் குறையுது.”

மெலிசு என்றால் சாமான் மட்டம் என்று ஆகிவிடும். நீளம் குறைகிறது என்றால் யார் மேலும் குற்றமில்லை. மாமனாரின் மனசும் நோகாது, புதுக் கேபிளும் வந்துவிடும். இப்படிக் கணக்குப் போட்ட வயர்மேன், ஆயுசு பூராவும் கயிறும் கேபிளும் அளந்து கொடுத்த ஸ்டோர் கீப்பரிடம்தான் நீளக்குறைவைச் சொல்கிறோம் என்பதை மறந்துபோனார்.

“பத்தாதா? எங்கிட்டயா?” மாமனார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு டேப்பைப் பிடுங்கினார். வீடு முழுக்க மோப்பம் பிடித்தபடி நடந்தார். ஹால் சுவரில் ஒரு ஓட்டை, சாமான் அறைக்குள் நேரே, அங்கிருந்து துணி துவைக்கும் இடத்துச் சுவர். அங்கே போய் நின்று கையைத் தட்டினார்.

“டேய், நீ ஏன்டா ஊரைச் சுத்துற? நேரா வா. இங்க பெட்டியை வை. கேபிள் கணக்கா இருக்கும், ஒரு விரக்கடை மிச்சம் வரும் பாரு.”

சின்னவள் ஈரத்துணியை வாளியோடு வைத்துவிட்டுப் பார்த்தாள். “அத்தான், துணி துவைக்கிற எடத்துல கரண்ட் பெட்டியா?”

வயர்மேன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “மூடி போட்ட பெட்டியா வெச்சுடலாம்மா.”

“என்னடா, சரிதானே?” என்றார் மாமனார்.

“சரிங்க மாமா.”

சொன்னது ஒரு பொய். அந்தப் பொய்யால் கேபிளும் மாறவில்லை, பெட்டிக்கு இருந்த நல்ல இடமும் போயிற்று. வேறு எந்த வீட்டிலும் இவர் இப்படி மாட்டிக்கொண்டிருக்க மாட்டார்.

தன்னால் முடிந்த வரைக்கும் பூசி மெழுகினார். பைப்புக்குள் கேபிளோடு தனியாக ஒரு பச்சை எர்த் வயரையும் இழுத்தார். “அது எதுக்குடா தண்டம்?” என்று மாமனார் கேட்டதற்குக் காது கேட்காத மாதிரி இருந்தார். மெயின் போர்டில் அந்தக் கேபிள் எவ்வளவு தாங்குமோ அவ்வளவுக்கே பிரேக்கர் போட்டார். அதற்கு மேல் லோடு போனால் பிரேக்கர் விழுந்து கரண்ட் நின்றுவிடும், கேபிள் தப்பிக்கும். சின்னவளைத் தனியாகக் கூப்பிட்டு, “ஓவன் போட்டா ஹீட்டர் போடாதே. ஒண்ணொண்ணா போட்டுக்க” என்றார்.

“நான் போட மாட்டேன் அத்தான். அப்பா?”

மாமனார் விடிந்ததும் வெந்நீரில் குளிக்கிறவர். பின்கட்டுக் குளியலறையில் ஹீட்டர் வந்ததிலிருந்து அங்கேதான் குளியல். பிரெட் வேகிறதும் விடிகிற நேரத்தில்தான். ஓவன் ஓடும், பக்கத்தில் மிஷின் ஓடும், ஹீட்டரும் சேர்ந்துகொள்ளும். கொஞ்ச நேரம் தாங்கும், பிறகு டப்பென்று எல்லாம் நின்றுபோகும். சின்னவள் முன்வாசலுக்கு ஓடிப் பிரேக்கரைத் தூக்கிவிட்டுத் திரும்பி வருவதற்குள் ஓவனில் சூடு இறங்கியிருக்கும். பொங்கி வந்த பிரெட் நடுவில் குழி விழுந்து உட்கார்ந்துவிடும். மாமனார் சோப்பு முகத்தோடு கதவைத் திறந்து, “யாரு கரண்டை நிறுத்துனது?” என்பார்.

இரண்டு கடைக்காரர்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். குழி விழுந்த பிரெட்டைச் சின்னவள் அக்கா வீட்டுக்கு அனுப்பினாள். அங்கே காலையிலும் பிரெட், மாலையிலும் பிரெட். “உங்க சரிங்க மாமாவைத்தான் நாம எல்லாரும் தின்னுட்டு இருக்கோம்” என்றாள் மனைவி. வயர்மேன் தலையைத் தூக்காமல் தின்றார்.

அடுத்த தடவை பின்கட்டுக்குப் போனபோது சின்னவள் காலித் தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

“அத்தான், ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டீங்களே?”

“கேளு.”

“வெளியாள் வீடா இருந்தா இந்தக் கேபிளைப் போட்டிருப்பீங்களா?”

அவர் சப் போர்டின் மூடியைத் திறந்து மூடினார். “இல்ல” என்றார்.

“அப்ப நான் வெளியாளா பொறந்திருக்கலாம்.”

அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண்ணில் சிரிப்பு இல்லை.

இதற்குள் மாமனார் ஒரு வழி கண்டுபிடித்துவிட்டார். விழுகிறது பிரேக்கர்தானே? பெரிய பிரேக்கராகப் போட்டால் விழாதே! “டேய், நாப்பது ஆம்பியர் ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டுடா. ஸ்டோர்ல எத்தனை குடுத்திருக்கேன் நானு.” பெரிய பிரேக்கர் போட்டால் அது விழாதுதான். கேபிள் பழுக்கப் பழுக்க அது பாட்டுக்கு நின்றுகொண்டிருக்கும். வயர்மேன் இப்போதாவது சொல்லியிருக்கலாம். “கடையில இல்லை மாமா, வரட்டும்” என்றார். மறுபடி கேட்டதற்கு, “இன்னும் வரலை மாமா.” நாள் தள்ளினால் மறந்துவிடுவார் என்று ஒரு நப்பாசை.

ஸ்டோர் கீப்பர் எதையும் மறக்கிறவர் இல்லை. தானே கடைக்கு நடந்தார். கடையில் நாற்பது ஆம்பியர் பிரேக்கர் அடுக்கி வைத்திருந்தது. ஒன்றை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, கடை வாசலில் வேலைக்குக் காத்திருந்த வேறொரு வயர்மேனையும் கையோடு கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

சின்னவள் போன் பண்ணினாள். “அத்தான், அப்பா வேற ஆளைக் கூட்டிட்டு வந்திருக்காரு. பெரிய பிரேக்கர் மாட்டப் போறாங்களாம். மாட்டலாமா?”

வயர்மேன் அப்போது ஒரு மாடி வீட்டில் ஏணி மேல் இருந்தார். ஏணியை விட்டு எப்படி இறங்கினார், வண்டியை எப்படி எடுத்தார் என்று பிறகு கேட்டால் அவருக்கே சொல்லத் தெரியாது. மாமனார் வீட்டு வாசலில் அன்றைக்குச் செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

வந்த ஆள் மெயின் போர்டின் மூடியைக் கழற்றித் திருகாணிகளை வாயில் கவ்விக்கொண்டு நின்றான். மாமனார் பக்கத்தில் புது பிரேக்கரோடு.

“வாடா. கடையில இல்லைன்னியே, இது என்ன?” என்றார்.

வயர்மேன் நேரே போர்டை நோக்கிப் போனார். வீட்டு மெயினை இறக்கினார். டெஸ்டரை வைத்து ஒவ்வொரு முனையாகப் பார்த்தார். கரண்ட் இல்லை என்று உறுதியானதும் பையிலிருந்து கட்டரை எடுத்து, சுவருக்குள் நுழையும் இடத்தில் அந்தக் கேபிளைக் கடித்தார். ஒரே கடி. பிறகு ஹாலைத் தாண்டிப் பின்கட்டுக்குப் போய் அந்த முனையிலும் ஒரு கடி.

திரும்பி ஹாலுக்கு வந்தார். வந்த ஆள் வாயிலிருந்த திருகாணிகளைக் கையில் துப்பிக்கொண்டு, “ஏண்ணே, போடான்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நானே போயிருப்பேனே. அதுக்குக் கேபிளையா வெட்டுவீங்க?” என்றான்.

மாமனார் பார்வை வெட்டுப்பட்ட முனையில் இருந்தது. செம்பு பளபளவென்று தெரிந்தது.

“அது என் கேபிள்டா.”

“ஆமா மாமா.” வயர்மேன் கட்டரைப் பையில் போட்டார். “உங்க கேபிள்தான். மெலிசு மாமா. இத்தனை லோடுக்கு மெலிசு. அன்னைக்கே சொல்லியிருக்கணும், வாய் வரலை. இதுல நாப்பது ஆம்பியர் மாட்டினா ஒருநாள் சுவத்துக்குள்ள தீப்பிடிக்கும். அந்தப் பக்கம் பிள்ளை படுத்திருக்கு. மாட்ட விட மாட்டேன். என்னால முடியாது மாமா.”

“பத்தாதுன்னுல்ல சொன்ன அன்னைக்கு?”

“பொய் சொன்னேன் மாமா.”

“அப்ப நீளம் சரியாத்தான் இருந்துச்சு?”

“உங்க வழியில சரியா இருந்துச்சு மாமா. நீங்க சொன்ன மாதிரி ஒரு விரக்கடை மிச்சம்.”

“நான் அளந்தது தப்பில்லை” என்றார் மாமனார், சுவரைப் பார்த்து. பிறகு தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அன்று சாயங்காலமே சின்னவளைக் கூட்டிக்கொண்டு வயர்மேன் கேபிள் கடைக்குப் போனார். அவளுக்கு ஒரு கேபிளும் தெரியாது. ஆனால் என்னென்ன ஓடும், எப்போது ஓடும் என்பது அவளுக்குத்தான் தெரியும். கடைக்காரர், “வாங்க, முடியாது மாஸ்டரே! இன்னைக்கு எதை முடியாதுன்னு சொல்லப் போறீங்க?” என்று வரவேற்றார். வயர்மேன் சின்னவள் பக்கம் திரும்பினார்.

“ஓவன், மிஷின், ஃபிரிட்ஜ், ஹீட்டர் எல்லாம் ஒரே நேரத்துல ஓடும். அப்படித்தானேம்மா?”

“அப்பா குளிக்காம இருக்க மாட்டாரு அத்தான்.”

“நாளைக்கு இன்னொரு ஓவன் வாங்குவியா?”

“முதல்ல இருக்கறதுல ஒரு பிரெட்டு ஒழுங்கா வேகட்டும்.”

கடைக்காரர் பதினாறு ஸ்கொயர் அலுமினியத்தை எடுத்துக் காட்டினார். தடிமனாக இருக்கிறது, விலையும் இறக்கம். வயர்மேன் அதை வளைத்துப் பார்த்தார். அலுமினியத்தைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் முனையை அதற்கேற்ற மாதிரி முடித்து, அடிக்கடி இறுக்கிப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். வளைவு நிறைய உள்ள வழி வேறு. பத்து ஸ்கொயர் செம்பே போதும் என்று முதல் நாள் போட்ட கணக்குதான் இப்போதும் வந்தது. கூட எர்த். பைப் மட்டும் ஒரு சைஸ் பெரிதாக எடுத்தார். பைப்புக்குள் காற்றுக்கு இடம் இருந்தால் கேபிள் சூடாகாது; பின்னால் ஒரு ஓவன் வந்தால் இன்னொன்றை இழுக்கவும் வழி இருக்கும்.

ஹாலைச் சுற்றி, சமையலறை மேல்சுவரோடு, தாழ்வாரத்தைத் தாண்டி இழுத்தார். சப் போர்டு ஈரம் படாத சுவரில், கைக்கு எட்டும் உயரத்தில். பெட்டிக்குள் நியூட்ரலைத் தனியாகவும் எர்த்தைத் தனியாகவும் கட்டினார். இரண்டு முனையிலும் கை நீளத்துக்குக் கேபிள் விட்டு வைத்தார். இந்தத் தடிமன் நாற்பது ஆம்பியர் தாங்கும் என்பதால் மெயின் போர்டில் பிரேக்கரையும் அதற்கு மாற்றினார். மாமனார் அந்தப் பக்கம் வரவே இல்லை. மறுநாள் ஓவனும் ஹீட்டரும் மிஷினும் ஒன்றாக ஓடின. பிரேக்கர் விழவில்லை. கேபிளைத் தொட்டுப் பார்த்தார், வெதுவெதுப்புகூட இல்லை. பிரெட் பொங்கி நின்றது. மாமனார் வெந்நீரில் குளித்துவிட்டு, யாரையும் எதுவும் கேட்காமல் போனார்.

பேச்சு நின்றுபோயிற்று. எதிரில் பட்டால், “வாங்க மாப்பிள்ளை, உக்காருங்க” என்பார். அதோடு சரி.

“பாத்தீங்களா, இப்பத்தான் எங்கப்பா உங்களை மாப்பிள்ளையா மதிக்கிறாரு” என்றாள் மனைவி.

“எனக்கு அந்த வாங்க போங்க வேண்டாம்” என்றார் வயர்மேன். இரவுச் சாப்பாட்டில் பாதியை வைத்துவிட்டு எழுந்துபோனார்.

மழைக்காலம் ஒன்று போனது. சின்னவளை வேண்டாம் என்ற இரண்டு கடைகளில் ஒன்று திரும்ப வந்தது. இன்னொன்று வரவில்லை, அதற்குப் பதில் ஒரு பள்ளிக்கூடக் கேன்டீன் வந்தது. தூர தேசத்து மகன் தகப்பனுக்குக் கால் அமுக்குகிற மிஷின் ஒன்றை அனுப்பி வைத்தான். காலை நுழைத்து உட்கார்ந்தால் அதுவாகவே பிடித்துவிடும். மாமனார் அதைப் பெட்டியை விட்டு எடுக்காமல் வைத்திருந்தார்.

“மாப்பிள்ளையை வரச் சொல்லு” என்று சின்னவளிடம் சொல்லி அனுப்பினார்.

வயர்மேன் வந்து உட்கார்ந்து மிஷினைத் திருப்பிப் பார்த்தார். அடியில் ஒட்டியிருந்த சீட்டைப் படித்தார். ஒரு குண்டு பல்புக்கு ஆகிற கரண்ட்கூட அதற்கு ஆகாது. சுவரிலிருந்த பிளக்கில் டெஸ்டரை வைத்துப் பார்த்தார், எர்த் இருக்கிறதா என்று பார்த்தார்.

“போடலாமா?” என்றார் மாமனார். “சட்டுனு சரின்னு சொல்லிடாதே. யோசிச்சுச் சொல்லு.”

வயர்மேன் உண்மையாகவே கொஞ்சம் யோசித்தார்.

“போடலாம் மாமா.”

“நெசமாத்தான் சொல்றியா?”

“நெசமாத்தான் மாமா.”

மாமனார் காலை உள்ளே நுழைத்தார். மிஷின் உறுமிக்கொண்டு பிடிக்க ஆரம்பித்தது. கூச்சத்தில் அவருக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார். மறுநாள் காலை நடக்கப் போனபோது கேபிள் கடைக்காரரிடமும், அந்த மிஷினைப் போடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டார்.